மூடாமல் விட்ட இலை

பதினேழு பேர் உள்ளே போனதை எதிர்க்கடை நிழலில் உட்கார்ந்து வைத்திலிங்கம் தன் இரண்டு கண்ணாலும் எண்ணியிருந்தார். விடிந்து பார்த்தால் பின்சந்துக் குழியில் கிடந்தது பதினெட்டு இலை.

கருவேலங்குச்சியால் ஒவ்வொன்றாகப் புரட்டி மறுபடியும் எண்ணினார். பதினெட்டேதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கிளப் நடத்துகிற எவனும் எதிராளியின் யாவாரத்தை அவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. விடியற்காலையில் அவன் கொல்லைக் குழியை எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். பதினேழு இலைகள் ஒழுங்காக மடிந்து, செக்கச்செவேலென்று குழம்பு வழிந்து, ஈ மொய்த்துக் கிடந்தன. பதினெட்டாவது மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே அகல விரிந்து கிடந்தது. யாரும் மூடாத இலை. ஒரு பருக்கை இல்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. இஸ்திரி போட்டது மாதிரி தட்டையாக, அதன்மேல் மெல்லிசாக ஒரு வெள்ளைத் தூசி.

தூசியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி; கோடையில் காக்காய்கூடப் பாதி வெள்ளையாகத்தான் பறக்கும். அவருக்கு உறுத்தியது நாய்கள். ஓர் எச்சில் இலைக்காகத் தன் கூடப்பிறந்ததன் காதைக் கடித்துத் துப்புகிற ரயிலடி நாய்கள் மூன்று, குழியிலிருந்து பத்தடி தள்ளி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து, அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் வாலை ஆட்டவில்லை.

வைத்திலிங்கம் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். வயிறு எரிந்தது. அவர் வயிறு எரிய ஆரம்பித்து அன்றோடு ஐந்து மாதம்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அந்த ஊரின் பசிக்கு அவர் ஒருவர்தான் ராஜா. ரயில் அரியலூரில் நிற்பதே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க அல்ல, வைத்திலிங்கம் கிளப்பின் கறிக்குழம்பு வாசனையைத் தாண்டிப் போக டிரைவருக்கு மனசு வராததால்தான் என்று ஊரே சொன்னது. ஊருக்கு முன்னால் அவரே சொன்னார். உடையார்பாளையத்துப் பெரிய மனிதர் ஒருவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மறுத்து, வாசனையோடு மூன்று நாள் இருந்தார் என்றும் சொன்னார். அதெல்லாம் சாமிதுரை வருகிற வரைக்கும்.

சாமிதுரை அவருக்குப் புதியவன் இல்லை. வைத்திலிங்கத்தின் மனைவி சிந்தாமணிக்கு அத்தை மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். ரயிலடியில் கிளப் வைத்திருந்த மாப்பிள்ளை வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோனது. பிறகு அவன் வைத்திலிங்கத்தின் அடுப்படியிலேயே வேலைக்குச் சேர்ந்து தோசைக்கு மாவு ஆட்டினான். நாற்பத்தொன்றில் ஒருநாள், மாவில் உப்பு கூடிப்போனதற்காக எல்லார் முன்னாலும் அவர் அவன் கன்னத்தில் அறைந்தார். அன்று சாயங்காலமே பட்டாளத்துக்குப் பேர் கொடுத்துவிட்டான். சமையல்காரனாகக் கப்பலேறிப் போனவன் இரண்டு வருஷம் இத்தாலியில் இருந்தான். செத்திருப்பான் என்று வைத்திலிங்கம் நிம்மதியாக இருந்தபோது, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அரிசிக்கு ரேஷன். அதற்குப் பதிலாக அரசாங்கம் போட்ட கோதுமை மாவை என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் சுவரொட்டி ஒட்டப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாமிதுரை அந்த மாவை வாங்கிப் பிசைந்து, தேய்த்து, இழை இழையாக வெட்டி, கொடியில் காயப்போட்டான். சீமைத் தக்காளியைப் பூண்டோடு நல்லெண்ணெயில் வதக்கி, திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போட்டு, ஆட்டுப்பாலைத் திரியவைத்து உலர்த்திய கட்டியை மேலே துருவினான். ரயிலடிச் சந்தில் நாலு மேசை, கட்டம்போட்ட சிவப்புத் துணி, சோடா பாட்டில் வாயில் மெழுகுவத்தி. ‘இத்தாலி போஜன சாலை’ என்று ஒரு பலகை. அடுத்தவன் சாப்பிட்ட பீங்கானில் நம்மவர்கள் கை வைக்க மாட்டார்கள் என்று தெரிந்து, தலைவாழை இலையிலேயே பரிமாறினான். ஜனங்கள் அதற்குக் ‘கயித்துச் சோறு’ என்று பேர் வைத்தார்கள். தை மாதம் திறந்தான்; மாசி முடிவதற்குள் பெரம்பலூரிலிருந்து வில்வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊர் போனால் போகட்டும் என்றுகூட வைத்திலிங்கம் விட்டிருப்பார். சிந்தாமணியை விட முடியவில்லை.

பிள்ளை குட்டி இல்லாத வீடு, இரண்டே பேர். கிளப்புக்குப் பின்னாலேயே வீடு. பதினைந்து வருஷமாக ஒரே வழக்கம். மத்தியானக் கூட்டம் ஓய்ந்து மூன்று மணிக்கு அவர் சாப்பிட்டு எழும்போது இலையை மூட மாட்டார். அந்த இலையிலேயே சிந்தாமணி உட்கார்ந்து சாப்பிடுவாள். புருஷன் மூடாமல் விட்ட இலை பெண்டாட்டியுடையது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அவள் அவருடைய சமையலைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் இலையில் உட்காருவாள். அது போதும் என்று இருந்தார்.

பங்குனியில் ஒருநாள் கொல்லைப்புறக் கதவைத் திறந்தபோது, அவள் சாமிதுரை கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. பதினைந்து வருஷத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அன்று அவர் என்னவோ சொன்னார். கோபத்தில் சொன்னது, அப்போதே மறந்துபோயிற்று. மறுநாளிலிருந்து சிந்தாமணி அவர் இலையை மடித்து எடுத்துப்போய்க் குழியில் போட்டுவிட்டு, தனக்கென்று வேறு இலை போட்டுக்கொண்டாள்.

இப்போது சாமிதுரையின் குழியில் ஒரு மூடாத இலை. அவன் சாப்பிட்டு எழுந்து மூடாமல் விட்ட இலையில் எவளோ உட்கார்ந்து, துளி விடாமல் வழித்துத் தின்றிருக்கிறாள். அப்படித் தின்னக்கூடியவள் யார் என்று வைத்திலிங்கத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பத்து நாள் எண்ணினார். பதினான்கு பேர், பதினைந்து இலை. இருபத்திரண்டு பேர், இருபத்து மூன்று இலை. நாள் தவறாமல் ஒன்று கூட. நாள் தவறாமல் அது மூடாமல் கிடந்தது.

எதிர்க்கடைக்காரர் ஆண்டவர் பீடி சுற்றிக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மொதலாளி, எங்கடை நெழலுக்கு வாடகை எப்ப குடுக்கப் போறீங்க?"

"சும்மா காத்து வாங்குறேன்யா."

"காத்தா, பூண்டு வாசனையா? ஒருநாள் உள்ள போயி தின்னுப்புட்டு வந்துருங்க. சும்மா சொல்லக்கூடாது, எங்க வூட்டுக் கெழவனுக்குப் பல்லு இல்ல, அவரே நாலு தடவ கேட்டு வாங்கித் திங்கிறாரு."

"பொம்பளைங்க யாராச்சும் வர்றாங்களா அங்க?"

ஆண்டவர் பீடியை நூலால் கட்டி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "வர்றத நான் பாக்கல. ஆனா வெளக்கு வெக்கிற நேரத்துக்கு அவன் ஒரு எலைய எடுத்துக்கிட்டு உள்ள தொங்குற திரைக்கு அந்தாண்ட போவான். ‘வாங்க, வந்து சாப்புடுங்க’ன்னு ஒரு கொரல் குடுப்பான். அதக் கேட்டுருக்கேன். அவ்வளவு பணிவா நான் எம்பொண்டாட்டியக்கூட கூப்புட்டதில்ல."

வைத்திலிங்கம் எழுந்துகொண்டார். காதில் ரயில் ஓடுவது மாதிரி இரைந்தது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வெளுத்த வேட்டி உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி, நெற்றியில் விபூதியோடு இத்தாலி போஜன சாலைக்குள் நுழைந்தார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சிந்தாமணி கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அது நல்லதாயிற்று. அவளுக்கு முன்னால் போய்விட வேண்டும்.

"வாங்கண்ணே," என்றான் சாமிதுரை. அவன் முகத்தில் ஒரு கோணல்கூட இல்லை. அதுவே அவருக்கு எரிந்தது. "இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"நீ பெரிய சமையக்காரனாயிட்டியாமே. ஊரெல்லாம் சொல்லுது. உப்பு போடக் கத்துக்கிட்டியான்னு பாக்க வந்தேன்."

"உக்காருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

மூலை மேசையில் உட்கார்ந்தார். உட்காரும்போதே குறை தேட ஆரம்பித்தார், ஒன்றும் அகப்படவில்லை. மேசைத்துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. பூண்டு எண்ணெயில் பொன்னிறமாகிற வாசனையும், தக்காளி சுண்டுகிற புளிப்பும், பச்சிலை வாடுகிற குளிர்ந்த மணமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அந்தச் சின்ன அறையைத் தொட்டில் மாதிரி ஆட்டின. ஸ்டேஷன் குமாஸ்தா ஒருவர் மீசையில் தொங்கிய கயிற்றை உறிஞ்ச, அது போகிற வேகத்தில் அவர் மூக்கில் அடித்துவிட்டுப் போக, நாலு மேசையும் சிரித்தது. மெழுகுவத்திச் சுடர்கள் சிரிப்புக்கு ஏற்ப ஆடின. தன் கிளப்பில் கடைசியாக யார் சிரித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

எண்ணுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. தன்னோடு சேர்த்துப் பதினோரு பேர். சாமிதுரை பன்னிரண்டு. வெள்ளையடித்த சுவரில் நிழல்கள் பெரிது பெரிதாக அசைந்தன, அவற்றையும் எண்ணினார். பதின்மூன்று. உட்கார்ந்திருக்கிற நிழல்கள் பதினொன்று, பரிமாறுகிற நிழல் ஒன்று. இன்னொன்று மட்டும் திரையோரம் நின்றது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எல்லாரும் வயிறார உண்ணுகிறார்களா என்று பார்க்கிற பொம்பளையின் நிழல். சுடர் ஆடியபோது மற்ற எல்லா நிழலும் ஆடின. அது ஆடவில்லை.

அவள்தான். முன்னாலேயே வந்துவிட்டாள். பின்வாசல் வழியாக.

சாமிதுரை புது இலை ஒன்றை எடுத்தான். மற்றவர்களுக்குப் போட்டதைவிடப் பெரிய நுனி இலை. தண்ணீர் தெளித்து, நிறைய வைத்தான். ஏந்திக்கொண்டு திரைக்குப் பின்னால் போனான். "வாங்க, வந்து சாப்புடுங்க" என்கிற குரல் கேட்டது. ஆண்டவர் சொன்னபடியே பணிவாக. பிறகு வெளியே வந்து, சந்தில் நின்ற வில்வண்டிக்காரர்களைக் கூப்பிட வாசலுக்குப் போனான்.

வைத்திலிங்கம் எழுந்து திரையை விலக்கினார்.

உள்ளே ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, ஓர் அகல்விளக்கு. ஆள் இல்லை. வெளியே ஆனி மாதத்து வெக்கை. உள்ளே மழையில் நனைந்து நின்ற பழஞ்சுவரின் குளிர். இலை ஆவி பறக்க இருந்தது. அவள் எங்கேயோ ஒளிந்திருக்கிறாள். இருக்கட்டும். அவளுக்கென்று வைத்ததை அவள் கண்ணெதிரிலேயே தின்றுவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்தார்.

முதல் வாய் வைத்ததுமே கண்ணில் நீர் முட்டியது. அப்படி இருந்தது. பதினெட்டு வருஷம் தான் சமைத்ததெல்லாம் மாட்டுக்கு வைத்த கழுநீர் என்று அவர் நாக்கே அவரிடம் சொன்னது. அழுதுகொண்டே தின்றார். பொறாமையையும் சேர்த்தே விழுங்கினார். பாதி இலை காலியானதும் நிறுத்திக்கொண்டார். கையை உதறிவிட்டு, இலையை மூடாமல், வேண்டுமென்றே அப்படியே விட்டார். வரட்டும். வந்து பார்க்கட்டும். யார் எச்சில் என்று தெரியட்டும்.

திரையைத் தாண்டும்போது பின்னால் நாற்காலி ஒன்று தரையில் உராய்ந்தது. யாரோ உட்காருவதற்காக இழுத்துப் போட்ட சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் சாமிதுரை எதிரே வந்தான். அவர் கையையும் வாயையும் பார்த்தான்.

"அண்ணே, உள்ள போனீங்களா?"

"போனேன். தின்னேன். அவளுக்கு வெச்சதத்தான் தின்னேன். பாதிய அவளுக்குன்னே மூடாம வெச்சுட்டும் வந்துருக்கேன். போயி ஊட்டி விடு."

"எவளுக்குண்ணே?"

"சிந்தாமணிக்கு. நான் குருடன்னு நெனச்சியா?"

சாமிதுரை அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனான். இலை விரிந்தபடியே கிடந்தது. அவர் விட்டுவந்த பாதிச் சோறு இல்லை. குழம்பின் கறைகூட இல்லை. உலர்ந்து, சுத்தமாக, மெல்லிய வெள்ளைத் தூசியோடு கிடந்தது. எதிர் நாற்காலி பழைய இடத்திலேயே இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் மேசையோரம் நெருங்கிக் கிடந்தது.

"ரோசாம்மான்னு ஒருத்தவங்க," என்றான் சாமிதுரை மெதுவாக. "அங்க மலை மேல ஒரு ஊர்ல சாப்பாட்டுக் கடை வெச்சிருந்தாங்க. நாலு மேசை. இதெல்லாம் அவங்க கத்துக்குடுத்தது. எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியாத்தான் சாப்புடுவாங்க. அன்னைக்கு அவங்க எலைல, அதான் தட்டுல, கை வெச்ச நேரம் குண்டு வுழுந்துருச்சு. நான் வெறகு எடுக்க வெளிய போயிருந்தேன். ரெண்டு நாள் சுவத்தத் தோண்டுனோம். வாய் நெறைய சுண்ணாம்புண்ணே. அதுலேருந்து எங்க அடுப்பு மூட்டுனாலும் அவங்களுக்குன்னு ஒரு படையல் வெச்சுருவேன். சாப்புட்டுட்டுப் போயிருவாங்க. ஒருத்தரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"கதை நல்லாருக்கு."

"கதைன்னே வெச்சுக்கங்க. ஆம்பள தின்னுட்டு மூடாம வுட்ட எலைல உக்காந்து சாப்புடுறது யாருண்ணே? என்ன மொறை அது?"

வைத்திலிங்கம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஐந்து மாதமாக அரியலூர் இலையில் சாப்பிடுகிறவளுக்கு அரியலூர் வழக்கம் தெரியாமலா போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை உதறிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

சிந்தாமணி வீட்டில்தான் இருந்தாள். பாத்திரம் விளக்கி முடித்து, கை ஈரத்தோடு நின்றாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார். குழியில் இலை எண்ணியதையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உங்க எலைல நான் ஏன் உக்காரலன்னு மூணு மாசத்துல ஒருநாள் கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்?"

"‘அவன் எலைய நக்குன நாக்க என் எலைல வெக்காத’ன்னு சொன்னீங்க. மறந்துட்டீங்க. எனக்கு மறக்கல." அவள் குரல் உயரவில்லை. "வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்துருப்பேன். இன்னைக்கும் வருவேன்."

வா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கயிற்றுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். காலையில் அவர் எழுந்தபோது அவளைக் காணோம். கோயிலுக்குப் போயிருப்பாள் என்று கிளப்பைத் திறந்தார்.

மூன்று மணிக்கு வந்தபோது கூடத்தில் இலை போட்டிருந்தது. சிந்தாமணி குனிந்து பரிமாறினாள். முந்தானை தலைக்குமேல் இழுத்துவிட்டிருந்தது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளப்பில் அவரே வைத்த அதே கறிக்குழம்புதான். எழுந்தார். பழக்கதோஷத்தில் இலையை மூடாமல் விட்டார். கை கழுவிவிட்டுத் திரும்பினால், அவள் அந்த இலையில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு. வைத்திலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயங்கொண்டத்துக் கோபுரமே எழுந்து வந்து தன் வாசலில் உட்கார்ந்தது மாதிரி நெஞ்சு பூரித்தது. அவள் வேகமாகச் சாப்பிட்டாள். தலையைத் தூக்கவே இல்லை.

"நல்லா இருக்கு," என்றாள்.

பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. குரல் கொஞ்சம் கரகரத்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இலையில் ஒரு பருக்கை இல்லை.

அன்று ராத்திரி அவர் சுகமாகத் தூங்கினார். அடுப்படியில் எவ்வளவு நேரம் சத்தம் கேட்டது என்பது அவருக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் இரண்டு ஆள் சாப்பாடு கொண்டுவந்தார். அவளுக்குப் போதவில்லை. கிளப்பிலிருந்து அண்டாவையே எடுத்துவந்தார். அவள் இலையில் கொட்டிய சோறு கண்ணெதிரே வடிந்தது. "இன்னும்," என்றாள். "நல்லா இருக்கு. இன்னும்." கேட்கக் கேட்க அவருக்கு மீசை துடித்தது. சாமிதுரை இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அவள் நடந்த இடமெல்லாம் தரையில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. வீட்டுச் சுவர் உதிர்கிறது, வெள்ளையடிக்க வேண்டும் என்று நினைத்தார். மூன்றாம் நாளும் அவள் அடுப்படியில் நின்றாளே தவிர, அடுப்பு மூன்று நாளாகப் பற்றவைக்காத அடுப்பு. கைவைத்துப் பார்த்தபோது சில்லென்றது. கையை எடுத்துக்கொண்டார்.

வாசலில் ரயிலடி நாய்கள் மூன்றும் வந்து உட்கார்ந்திருந்தன. வரிசையாக.

நான்காம் நாள் கிளப்பை அவர் திறக்கவே இல்லை. வந்தவர்களுக்குச் சோறு இல்லை. வடித்ததெல்லாம் வீட்டுக்குள் போயிற்று. மத்தியான வெயில் ஓட்டுச் சந்து வழியாகக் கூடத்தில் விழுந்தது. அவர் ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தார். இலையை விட்டு எழுந்துகொண்டார். அவள் உட்கார்ந்தாள். அண்டா காலியானது. பானை காலியானது. பச்சை அரிசியைக் கொண்டுவந்து கொட்டினார். அதுவும் போயிற்று. நறநறவென்று பல் அரைக்கிற சத்தம். பல் அரிசியை அரைக்கிற சத்தம் அவருக்குத் தெரியும். இது கல்.

வாசல் கதவைத் தட்டினார்கள்.

"அண்ணே." சாமிதுரையின் குரல். "கதவத் தொறங்க."

அவர் அசையவில்லை.

"சிந்தாமணி செந்துறைல அதோட அம்மா வூட்டுல இருக்குது. அன்னைக்கு விடியக்காலம் மொத பஸ்ஸுலயே போயிருச்சாம். இன்னைக்கோட நாலு நாளு. நீங்க வந்து ஒரு வார்த்த கூப்புடுவீங்கன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிதாம். ஆள் சொல்லி வுட்டுருக்கு. வண்டி கொண்டாந்துருக்கேன். இப்பவே போயிரலாம், வாங்கண்ணே."

வெயில் நகர்ந்தது. கூடத்தில் இலைக்கு முன்னால் இருந்தவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். முந்தானை நழுவியது. முகம் சிந்தாமணியின் முகம்தான். மூக்கு, நெற்றி, காதோரத்து மச்சம் எல்லாம் சரியாக இருந்தது. சரியாக வைத்து, மேலே பூசியது மாதிரி. கன்னத்தில் ஒரு விரிசல். விரிசலிலிருந்து வெள்ளையாக உதிர்ந்தது.

"அண்ணே. உள்ள யாரு? யார்கிட்ட இருக்கீங்க?"

தாழ்ப்பாள் பத்தடி. நாலு எட்டில் போய்விடலாம். திறந்தால் வண்டி. வண்டியில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் செந்துறை. அங்கே அவள் நிற்கிறாள். வா என்று சொன்னால் வருவாள். வந்து இலையில் உட்காருவாள். தலையைக் குனிந்து, ஒன்றும் சொல்லாமல், அவர் சமைத்ததைச் சாப்பிடுவாள். மனசுக்குள் அவன் கை ருசியை நினைத்துக்கொண்டே.

"உங்க கைக்கு ஈடு இல்லீங்க," என்றாள் இலைக்கு முன்னால் இருந்தவள். "அவன் சமைக்கிறதெல்லாம் ஒரு சமையலா?"

தாழ்ப்பாளை நோக்கி எழுந்த வைத்திலிங்கத்தின் கால் நின்றது.

அவள் இலையில் கையை வைத்து எதையோ திரட்டினாள். இலையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் விரல்களுக்கு நடுவே உருண்டை ஒன்று சேர்ந்தது. சாம்பல் வெள்ளையாக. ஈரமாக. நடுவில் ஒரு மயிரிழை தொங்கியது. பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று தலையை அசைத்தாள். உட்கார்ந்தார். மழைச் சுவரின் குளிர் தோளில் பட்டது.

கதவு அதிர்ந்தது. அவன் தோளால் மோதுகிறான். தாழ்ப்பாள் நல்ல இரும்பு.

"நீங்க ஒரு வாய்தான் சாப்புட்டீங்க," என்றாள் அவள். ஆசையாக. பதினைந்து வருஷம் அவர் காத்திருந்த குரலில். கை உயர்ந்தது. சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது.

வைத்திலிங்கம் வாயைத் திறந்தார்.